ஏகாதசி அன்று மட்டும் கேட்கும் மாத்திரை

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். கும்பகோணம் பக்கம் எங்களுடையது பட்டு நெசவுக் குடும்பம். என் மாமனாருக்கு 69 வயது, எடை 52 கிலோ. ஐந்து வருடமாகப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா-கார்பிடோபா மாத்திரை காலை 6 மணி, மதியம் 1 மணி, இரவு 8 மணி என்று மூன்று வேளை சாப்பிடுகிறார். காலை மாத்திரை முக்கால் மணி நேரத்தில் கேட்டுவிடுகிறது. தானே குளித்து வேட்டி கட்டிக்கொள்கிறார். மதிய மாத்திரை நான்கு மாதமாகக் கேட்பதே இல்லை. உடம்பு மெலிந்துவிட்டது என்று மதியச் சாப்பாட்டில் பருப்பு, பன்னீர், தயிர் எல்லாம் கூட்டியிருக்கிறேன். பாலில் புரோட்டீன் பவுடரும் உண்டு. ரத்தம் குறைவு என்று கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் இருக்க மதிய மாத்திரையோடு சேர்த்தே கொடுக்கிறேன். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்பதால் மெடிக்கலில் சொல்லி சின்னரிசின் மாத்திரை வாங்கி இரண்டு வேளை போடுகிறோம். ஆச்சரியம் என்னவென்றால், ஏகாதசி அன்று மட்டும் நாள் முழுக்க நன்றாக இருக்கிறார். அன்று பழம், இளநீர், சர்க்கரைவள்ளிக் கிழங்கு மட்டும்தான். சாப்பாடு இல்லை என்பதால் சத்து மாத்திரையும் கொடுப்பதில்லை. அத்தை அது பெருமாள் கிருபை என்கிறார். டோபமைன் குறைவுதான் நோய் என்றால் டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? பக்கத்துத் தெருவில் ஒருவர் பூனைக்காலி விதைப் பொடி கொடுத்திருக்கிறார், தரலாமா? இன்னொன்று, வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு நிற்கிறவர், தறிக்குழியில் உட்கார வைத்தால் மிதியை நன்றாக மிதிக்கிறார். “தறிக்கு வர்ற காலு குளிக்க வராதா?” என்று அத்தை திட்டுகிறார். வேண்டுமென்றே செய்கிறாரா? மதிய டோஸைக் கூட்டலாமா? என் கணவருக்கும் இது வருமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மாத்திரைப் பெயர்களுக்காக. இரண்டாம் முறை அந்த ஏகாதசி வரிக்காக மட்டும். பெருமாளோடு நான் வழக்காடப் போவதில்லை. ஆனால் உங்கள் அத்தை மாதம் இரண்டு முறை, தனக்கே தெரியாமல், ஓர் அருமையான பரிசோதனையை நடத்திவருகிறார். அதன் முடிவைப் பார்த்தால், மாத்திரையின் வீரியம் குறையவில்லை. மற்ற நாட்களில் அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஆகவே டோஸைக் கூட்ட வேண்டாம், இப்போதைக்கு.

ஏன் என்று சொல்ல, டோபமைன் உடம்பில் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நாம் சாப்பிடும் பருப்பிலும் பாலிலும் இருக்கும் புரதம் குடலில் உடைந்து அமினோ அமிலங்கள் ஆகிறது. அவற்றில் ஒன்று ஃபினைல்அலனின். கல்லீரல் அதை டைரோசின் ஆக்குகிறது. மூளையின் அடிப்பகுதியில், நடுமூளையில், கறுப்பாக ஒரு பட்டை உண்டு. பிரேதப் பரிசோதனையில் வெறுங்கண்ணுக்கே மைக்கோடு போலத் தெரியும். அங்குள்ள நரம்புச் செல்கள் டைரோசினை வாங்கி, ஒரு நொதியைக் கொண்டு லெவோடோபா ஆக்குகின்றன. இன்னொரு நொதி அதை டோபமைன் ஆக்குகிறது. உங்கள் மாமனாருக்கு அந்தச் செல்கள் பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக மடிந்துவருகின்றன. பாதிக்கு மேல் போன பிறகுதான் நடுக்கமும் விறைப்பும் வெளியே தெரியவே தெரியும். அப்போது பார்த்தால் அந்தக் கறுப்புப் பட்டை வெளிறிக் கிடக்கும்.

டோபமைனையே கொடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவம் படிக்கிற பிள்ளைகளில்கூடப் பாதிப்பேர் கேட்காமல் மனப்பாடம் செய்துவிட்டுப் போகும் கேள்வி இது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் மற்ற இடங்களைப் போல இடைவெளி விட்டுக் கட்டப்பட்டதில்லை. அடுத்தடுத்த செல்கள் நெருக்கி ஒட்டியிருக்கும். அதைத் தாண்டிப் போக டோபமைனுக்கு வழி கிடையாது. ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் விழுந்த நோயாளிக்கு டோபமைனைச் சொட்டு மருந்தாக ஏற்றுகிறோம். அது இதயத்திலும் ரத்தக் குழாயிலும் வேலை செய்யும். நடுக்கத்துக்குத் துளியும் உதவாது.

லெவோடோபாவுக்கு வழி உண்டு, ஏனென்றால் அதுவும் ஓர் அமினோ அமிலம்தான். மூளைச் சுவரில் அமினோ அமிலங்களைக் கைப்பிடித்து உள்ளே கடத்துவதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. லூசின், ஐசோலூசின், வேலின், டைரோசின், ஃபினைல்அலனின், டிரிப்டோஃபேன் எல்லாம் அந்த ஒரே வாசலில்தான் நுழைய வேண்டும். லெவோடோபாவும் அதே வரிசையில் நிற்கிறது. மருந்தாயிற்றே என்று அதற்குத் தனி வரிசை கிடையாது.

இப்போது உங்கள் மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். பருப்பு, பன்னீர், தயிர், புரோட்டீன் பவுடர். மாத்திரையில் இருப்பது 100 மில்லிகிராம் லெவோடோபா என்று வைத்துக்கொள்வோம். தட்டில் இருக்கும் புரதம் 25, 30 கிராமாவது வரும். அது முழுவதும் அந்த வாசலுக்கு வருவதில்லை என்றாலும், கூட்டம் கூட்டம்தான். அதிலும் பவுடரில் லூசினும் வேலினும் ஏராளம். மாமனார் தட்டில் நீங்கள் அன்போடு போட்டது அவருடைய மாத்திரையோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. ஏகாதசி அன்று வாசல் காலி. பழத்திலும் கிழங்கிலும் புரதம் மிகக் கொஞ்சம். மாத்திரை தடையில்லாமல் உள்ளே போகிறது.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. 1984-இல் அமெரிக்காவில் ஜான் நட் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, இப்படி ஏறி இறங்கும் நோயாளிகளுக்கு லெவோடோபாவை ரத்தக் குழாய் வழியாக, ஒரே சீராக ஏற்றியது. ரத்தத்தில் மருந்தின் அளவு நிலையாக இருந்தது, நோயாளிகளும் நன்றாக நடமாடினார்கள். பிறகு புரதம் நிறைந்த சாப்பாடு கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்து குறையவே இல்லை, ஆனால் விறைப்பு திரும்பி வந்துவிட்டது. குடல் வழியே போகாமல் நேரே ஏற்றி, ரத்தத்திலேயே மருந்து தேவையான அளவு இருந்தும், மூளை வாசலில் தடை. இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. குடலிலும் இதே மாதிரி நெரிசல் உண்டு. அதோடு கனமான சாப்பாடு இரைப்பையில் வெகுநேரம் தங்கும். லெவோடோபா சிறுகுடலில்தான் உறிஞ்சப்படும் என்பதால் மாத்திரையும் அதோடு சேர்ந்து காத்துக் கிடக்கும்.

இந்த இடத்தில் என் பழைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழிலின் தொடக்கத்தில் ஒரு பெரியவருக்கு மாத்திரை கேட்கவில்லை என்று மூன்று முறை டோஸைக் கூட்டினேன். மூன்றாவது முறை வந்தபோது காலை வேளையில் அவர் உடம்பு நாற்காலியில் நெளிந்துகொண்டே இருந்தது, தலையும் தோளும் நிற்கவே இல்லை. மதியமோ பழையபடி மரக்கட்டை. அவர் மனைவிதான் பேச்சுவாக்கில் சொன்னார்: “வயித்த பொரட்டுதுன்னு மத்தியானமும் ராத்திரியும் ஒரு டம்ளர் பால்லதான் சார் போடறாரு.” காலை மாத்திரை மட்டும் தண்ணீரில். நான் மாத்திரையின் அளவைக் கேட்டேனே தவிர, எதோடு விழுங்குகிறார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை என் முதல் கேள்வி அதுதான்.

அடுத்தது இரும்பு. லெவோடோபாவின் மூலக்கூற்றில் இரண்டு ஹைட்ராக்சில் கைகள் பக்கத்துப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இரும்பு கிடைத்தால் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்ட மருந்து உறிஞ்சப்படாது, மலத்தோடு போய்விடும். நீங்கள் மறக்காமல் இருக்கச் சேர்த்துக் கொடுத்தீர்கள், பலர் வீட்டில் நடப்பதுதான். ஏகாதசி அன்று பருப்பும் இல்லை, இரும்பும் இல்லை. ஆகவே இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்று உங்கள் அத்தையின் பரிசோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்கவும் தேவையில்லை, இரண்டையும் விலக்கிவிடலாம்.

மாத்திரை நேரத்தை இப்படி மாற்றிப் பாருங்கள். காலை 6 மணி மாத்திரை தண்ணீரில், இப்போது போலவே. காபி, இட்லி எல்லாம் அரை மணி, முக்கால் மணி கழித்து. இரும்புச்சத்து மாத்திரை காலை 10 மணிக்கு, ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாற்றோடு. முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாவது லெவோடோபா இருக்கக் கூடாது. மதிய மாத்திரையைச் சாப்பாட்டோடு தராமல் 12.15-க்கே கொடுத்துவிடுங்கள், சாப்பாடு 1 மணிக்கு. வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட் அல்லது ஒரு வாழைப்பழம் போதும், பால் வேண்டாம். மதியம் சாதம், ரசம், காய், கொஞ்சம் மோர். பருப்பு, பன்னீர், தயிர் எல்லாம் இரவுக்கு. இரவு மாத்திரை 7.15-க்கு, சாப்பாடு 8 மணிக்கு. பவுடர் தேவைதான் என்று டாக்டர் சொன்னால் படுக்கப் போகும்போது.

புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். 52 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராமை ஒட்டியாவது வேண்டும். இந்த நோயில் எடை குறைவது சகஜம், சதை கரைந்தால் கால் இன்னும் தள்ளாடும். நேரத்தை மாற்றுகிறோம், அளவை அல்ல. ஒரு சங்கடம் உண்டு. இரவில் புரதம் ஏறினால் படுக்கையில் புரண்டு படுக்கச் சிரமப்படலாம். பகலில் நடமாட்டம் வேண்டுமா, இரவில் புரளும் சுகம் வேண்டுமா என்று அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் உடம்பு.

ரத்தக் குறைவைப் பற்றியும் ஒரு வார்த்தை, நீங்கள் கேட்காவிட்டாலும். மாதவிலக்கோ பிரசவமோ இல்லாத 69 வயது ஆணுக்கு இரும்பு குறைகிறது என்றால் எங்கோ கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். மாத்திரை கொடுத்து அளவைச் சரிக்கட்டினால் மட்டும் போதாது. வயிறு, குடல் பார்க்கிற டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். அது அந்தத் தலைசுற்றல் மாத்திரை.

சின்னரிசின் சாதாரண மாத்திரை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது செய்யும் பல வேலைகளில் ஒன்று, மூளையில் டோபமைன் போய் உட்கார வேண்டிய ஏற்பிகளை அடைப்பது. டோபமைன் சாவி என்றால் ஏற்பி பூட்டு. மாமனாரிடம் இருக்கும் சாவிகளே கொஞ்சம், அதையும் மருந்தாக விலை கொடுத்து வாங்கி உள்ளே அனுப்புகிறீர்கள். அங்கே போனால் பூட்டுத் துவாரத்தில் இன்னொரு மாத்திரை மெழுகை அடைத்து வைத்திருக்கிறது. பார்க்கின்சன் இல்லாத முதியவர்களுக்கே இந்த மாத்திரையால் பார்க்கின்சன் போன்ற விறைப்பு வருவதுண்டு. புளூனரிசின், புரோகுளோர்பெரசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு ஆகியவையும் இதே கூட்டம்தான். இந்த நான்கு பெயரையும் ஒரு தாளில் எழுதி அவருடைய மருந்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். வேறு எந்த டாக்டரிடம், எந்த மெடிக்கலுக்குப் போனாலும் அதைக் காட்டுங்கள். அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் சின்னரிசின் அட்டையை இந்த வாரமே எடுத்துப் போங்கள். நிறுத்தத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். நிறுத்தியதும் மறுநாளே பலன் எதிர்பார்க்காதீர்கள். அடைப்பு முழுக்க விலக வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்.

அப்படியானால் தலைசுற்றலுக்கு என்ன செய்வது? அதுவும் அதே வேதிப்பாதையில் வருவதுதான். டோபமைனோடு அந்தப் பாதை முடிந்துவிடுவதில்லை. அடுத்த நிறுத்தம் நார்அட்ரினலின், அதற்கும் அடுத்தது அட்ரினலின். நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கிவிடாமல் குழாய்களை இறுக்கிப் பிடிப்பது நார்அட்ரினலின். பார்க்கின்சன் நோயில் இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் போகும் அந்த நரம்பு முனைகளும் மடிகின்றன. லெவோடோபாவும் தன் பங்குக்கு அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். ஆக, எழுந்தால் சுற்றுகிறது என்பது காதுக் கோளாறாக இல்லாமல் அழுத்தக் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்குச் சின்னரிசின் எந்த வகையிலும் மருந்தில்லை.

வீட்டில் பி.பி. கருவி இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை. நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை. யாராவது பக்கத்தில் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதுதான் காரணம். பழைய பி.பி. மாத்திரை எதையாவது இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பலருக்கு அதைக் குறைத்தாலே சுற்றல் போய்விடும்.

பூனைக்காலிக்கு வருவோம். எங்கள் ஆட்களில் சிலர் நாட்டு மருந்து என்றாலே முகம் சுளிப்பார்கள். இந்த விதை விஷயத்தில் சுளிக்க முடியாது. பூனைக்காலி விதையில் இருப்பதே லெவோடோபாதான், எடையில் நூற்றுக்கு 3 முதல் 6 பங்கு வரை. இதைப் பிரித்தெடுத்துக் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடம், 1937-இல். தாமோதரன், ராமசாமி என்ற இருவர். அந்தச் சரக்கு பார்க்கின்சனுக்கு உதவும் என்று அன்று மேல்நாட்டிலும் யாருக்கும் தெரியாது. மூளையில் டோபமைன் தனியாக ஒரு வேலை பார்க்கிறது என்றே 1957-இல்தான் சுவீடனில் அர்வித் கார்ல்சன் காட்டினார். அதிலும் நம் மூலிகை ஒன்று வருகிறது. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரிசர்பின் என்ற மருந்தைக் கொடுத்ததும் முயல்கள் காது தொங்கி அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபாவை ஊசியாகப் போட்டதும் எழுந்து நடமாடின. அதற்கு 2000-இல் நோபல் பரிசு. 1960-இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், இறந்த பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றிப்போயிருந்ததை அளந்து காட்டினார்.

விதை நல்ல விதைதான். உங்கள் வீட்டில் அது செய்யப்போகும் காரியம் வேறு. பொடியில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒரு கரண்டிப் பொடி வெறும் மரத்தூளுக்குச் சமமா, ஒரு மாத்திரைக்கா, மூன்று மாத்திரைக்கா? மாத்திரையில் கூடவே கார்பிடோபா இருக்கிறது, விதையில் அது இல்லை. லெவோடோபாவை டோபமைன் ஆக்கும் நொதி மூளையில் மட்டும் இல்லை, குடலிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உண்டு. தனியாகப் போகும் லெவோடோபாவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் மூளைக்குப் போய்ச் சேரும். மீதி வழியிலேயே டோபமைன் ஆகி, வாந்தி மையத்தைத் தட்டி எழுப்பும். அந்த மையம் மூளைச் சுவருக்கு வெளியே இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் மார்க்கஸ் குகன்ஹைம் என்ற வேதியியலார் 1913-இல் ஃபாவா அவரையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து, என்ன செய்கிறது பார்ப்போம் என்று இரண்டரை கிராமைத் தானே விழுங்கினார். நன்றாக வாந்தி எடுத்தார். மருந்து ஐம்பது வருடம் அலமாரியில் தூங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். கார்பிடோபா அந்த நொதியை மூளைக்கு வெளியே மட்டும் கட்டிப்போடுகிறது. அது சேர்ந்த பிறகு லெவோடோபா டோஸ் கால் பங்காகக் குறைந்தது.

மாத்திரையும் பொடியும் சேர்ந்து போனால் உள்ளே போகும் மொத்த அளவு யார் கணக்கிலும் இருக்காது. உடம்பு நெளிவது, பி.பி. இறங்கி விழுவது, இல்லாத ஆள் தெரிவது எல்லாம் அப்படித்தான் வரும். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் படித்த சித்த மருத்துவரிடம் போங்கள், நரம்பியல் டாக்டருக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். பொடி இருக்கிறதே என்று மாத்திரையைத் திடீரென நிறுத்துவது மட்டும் ஒருபோதும் கூடாது. கடும் காய்ச்சல், உடம்பு கல்லாக இறுகுவது, நினைவு தப்புவது என்று உயிருக்கே ஆபத்தாகும்.

இனி தறி. அத்தையிடம் இந்தப் பத்தியை நீங்களே படித்துக் காட்டுங்கள்.

அவர் நடிக்கவில்லை. மூளையில் அசைவுக்கு ஒரே பாதை இல்லை. நாமாக நினைத்து எழுவது, நடப்பது, திரும்புவது எல்லாம் மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகளின் வழியாகப் போகிறது. அங்கே ‘போ’ என்று ஒரு சுற்றும், ‘நில்’ என்று ஒரு சுற்றும் உண்டு. டோபமைன் முதலாவதைத் தட்டிக்கொடுத்து இரண்டாவதை அடக்கி வைக்கும். டோபமைன் வற்றினால் ‘நில்’ ஓங்கிவிடும். பிரேக் கட்டை சக்கரத்தில் உரசிக்கொண்டே இருக்கும் சைக்கிளை மிதிப்பது மாதிரி அவர் நடக்கிறார். வாசற்படி போன்ற குறுகலான இடத்தில், திரும்ப வேண்டிய இடத்தில், அவசரப்படுத்தும்போது, அந்தப் பிரேக் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும்.

வெளியிலிருந்து ஒரு தாளமோ, கண்ணுக்குத் தெரியும் ஒரு கோடோ கிடைத்தால், மூளை அந்தப் பழுதான சுற்றைப் பெரிதாக நம்பாமல் சிறுமூளை, கண் பார்வை சார்ந்த வேறு வழியில் அடியை எடுத்து வைக்கும். தறியில் என்ன நடக்கிறது? காலுக்கடியில் மிதிக்கட்டை அழுத்துகிறது. நாடா போகிற சத்தம், பலகை அடிக்கிற சத்தம், அடுத்த மிதி. அடுத்த அடி எப்போது என்று தறியே சொல்லிக்கொடுக்கிறது. உட்கார்ந்திருப்பதால் விழாமல் நிற்கும் வேலையும் காலுக்கு இல்லை. அவர் அதை ஐம்பது வருடமாகச் செய்தவர். குளியலறைக்குப் போகும் வழியில் இது எதுவும் இல்லை, “சீக்கிரம் வாங்க” என்ற குரல் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் ஓ.பி. வாசலில் ஒருவர் இப்படி உறைந்து நின்றார். மகன் கையைப் பிடித்து இழுக்கிறான். மேல் உடம்பு முன்னால் சாய்கிறது, கால் தரையை விட்டு வரவில்லை. பின்னால் இருபது பேர். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஆயா வந்து, மகன் கையை விலக்கிவிட்டு, தன் பாதத்தை அவர் கால் முன்னால் குறுக்காக வைத்தார். “தாண்டுங்கய்யா” என்றார். அவர் தாண்டினார், அப்படியே உள்ளே நடந்தும் வந்துவிட்டார். எங்கே கற்றாய் என்று ஆயாவைக் கேட்டேன், ஆயாவின் தகப்பனாருக்கும் இதே நோயாம்.

உங்கள் வீட்டு வாசற்படிக்கு முன்னும் பின்னும், குளியலறை வழியிலும், ஓரடி இடைவெளியில் பளிச்சென்ற நிற டேப்பைக் குறுக்காக ஒட்டுங்கள். வாசலில் நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். நிற்கட்டும், ஒரு மூச்சு விடட்டும், எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றட்டும், பிறகு கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள். எண்ணுவது சிலருக்கு உதவும், இவருக்குத் தறிச் சத்தமே உதவலாம். கைபேசியில் அவருடைய தறி ஓசையையே பதிவு செய்து நடக்கும்போது போட்டுப் பாருங்கள். தறியை விட வேண்டாம், மாத்திரை நன்றாகக் கேட்கும் நேரத்தில் உட்காரட்டும். ஆபத்து நெய்வதில் இல்லை, குழியில் இறங்கி ஏறுவதில்தான். தறிக்கால் பக்கம் உறுதியான கைப்பிடி ஒன்று அடித்துக்கொடுங்கள், தனியாக ஏற விடாதீர்கள்.

கணவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அறுபதை ஒட்டித் தொடங்கும் பார்க்கின்சன் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வருவதில்லை. குடும்பத்தில் வேறு யாருக்கும் இளவயதிலேயே வந்ததில்லை என்றால் இதற்காக எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.

அடுத்து டாக்டரைப் பார்ப்பதற்கு முன் பத்து நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். மாத்திரை போட்ட நேரம், எதோடு போட்டார், எத்தனை நிமிடத்தில் கேட்டது, எப்போது இறங்கியது, எப்போது நெளிந்தது. என்னைப் போன்றவர்களுக்கு ஸ்கேன் படத்தைவிட அந்த நோட்டு அதிகம் சொல்லும். பத்து நாளுக்குள் ஒரு ஏகாதசி வந்தால் இன்னும் நல்லது. ஆனால் மறுநாளைக் கவனியுங்கள். துவாதசிப் பாரணைக்கு விடியற்காலையிலேயே இலை போட்டுவிடுவீர்கள், பருப்பும் அகத்திக்கீரையும் தயிருமாக. அன்று மட்டும் காலை மாத்திரையை 6 மணிக்கு வைத்துக்கொள்ளாமல், இலை போடுவதற்கு முக்கால் மணி முன்னால் அவரை எழுப்பிக் கொடுத்துவிடுங்கள்.